பதில் தெரியும்... பொருள் தெரியுமா?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



மாணவர் பேரவை மலர் என்றால் நட்பு, தன்னம்பிக்கை, அம்மா, மழைநீர் சேகரிப்பு என்று எழுதுவதுதான் வழக்கம். நான் பிளஸ் டூ இங்கிலீஷ் பரீட்சையைப் பற்றி எழுதப் போகிறேன். "அதான் எழுதி முடிச்சாச்சே, இன்னும் ஏன்டா அதைக் கிளறுற?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். என்னைப் போல் பிளஸ் டூ முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேரே இரண்டாம் ஆண்டுக்கு வந்தவர்களுக்கும் சரி, பத்தாவதோடு இங்கே வந்தவர்களுக்கும் சரி, இந்த விஷயம் இன்னும் முடியவில்லை. வொர்க்‌ஷாப்பில் மெஷின் மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரிலிருந்து அது தினமும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. கீழ்க்கண்ட பத்தியைப் படித்து விடை தருக.

"சென்ற மொளக்கில் ஒரு துப்பான் பிரிச்சலை வேகமாகக் கொத்தாவினான். அதனால் பக்கத்தில் இருந்த நூம்புகள் எல்லாம் சவிழ்ந்துவிட்டன."

துப்பான் எதைக் கொத்தாவினான்? பிரிச்சலை. எப்போது? சென்ற மொளக்கில். நூம்புகள் ஏன் சவிழ்ந்தன? துப்பான் பிரிச்சலை வேகமாகக் கொத்தாவியதால்.

பார்த்தீர்களா, மூன்றுக்கு மூன்று! சென்டம்! இப்போது சொல்லுங்கள், துப்பான் என்பவன் யார்? பிரிச்சல் என்பது சாப்பிடுகிற பொருளா, ஏறிப் போகிற வண்டியா? யாருக்கும் தெரியாது. எழுதின எனக்கே தெரியாது! ஆனால் கேள்வியில் இருக்கிற சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே தூக்கி எழுதினால் மார்க் விழுந்துவிடுகிறது.

நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலப் பத்திக்கு விடை எழுதியது இந்த வழியில்தானே? எங்கள் ட்யூஷனில் இதைப் பாடமாகவே நடத்தினார்கள். 'ஹூ' என்று கேட்டால் பெயரைத் தேடு, 'வென்' என்று கேட்டால் வருஷத்தைத் தேடு, 'ஒய்' என்று கேட்டால் 'பிகாஸ்' எங்கே இருக்கு பார், அதுக்குப் பின்னாடி உள்ளதை எழுது. பத்தியை முழுசா படிக்காதே, டைம் வேஸ்ட்! வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனைச் சோதிக்க வைத்த கேள்விக்கு, வாசிக்காமலே விடை எழுதப் பயிற்சி! ட்யூஷன் மாஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன். கேள்வி அப்படி இருந்தால் பயிற்சியும் அப்படித்தான் இருக்கும்.

சரி, அந்தக் கேள்விக்காவது எத்தனை மதிப்பெண்? தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை 1978-ல் வந்தது. நம் அண்ணன், அக்காமார்கள் காலத்தில் மொத்தம் 1200 மதிப்பெண். ஆங்கிலத்துக்கு முதல் தாள், இரண்டாம் தாள் என்று இரண்டு நாள் பரீட்சை. 2018-19 கல்வியாண்டு முதல் மொத்தம் 600 ஆனது. ஆங்கிலமும் ஒரே தாள் ஆனது. எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. நான் எழுதிய தாளில் அந்த 90-ல், பாடப்புத்தகத்தில் இல்லாத புதுப் பத்தியைப் படித்து விடை எழுதும் கேள்விக்கு 5 மதிப்பெண். வெறும் ஐந்து! சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பை எடுத்துக்கொண்டால், 2023-24 பாடத்திட்டப்படி 80 மதிப்பெண் தாளில் 22 மதிப்பெண் முன்பின் பார்க்காத பத்திகளுக்கு. அங்கே படித்தவர்கள் எல்லாம் ஆங்கில மேதைகள் என்று சொல்ல வரவில்லை. எதற்கு மார்க் அதிகமோ அதைத்தான் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுக்கும், அவ்வளவுதான் விஷயம்.

மீதி மார்க் எல்லாம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பாடப்புத்தகத்திலிருந்து. அதில் தப்பில்லை. ஆனால் பாடத்தை யார் வாசித்தது? 'டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா' என்று ஏ.ஜே. குரோனின் எழுதிய பாடம் ஞாபகம் இருக்கிறதா? நிக்கோலா, யாக்கோபோ என்று இரண்டு பையன்கள். பழம் விற்கிறார்கள், ஷூ பாலிஷ் போடுகிறார்கள், பேப்பர் போடுகிறார்கள். எல்லாம் ஆஸ்பத்திரியில் கிடக்கிற அக்கா லூசியாவுக்காக. நம்மில் எத்தனை பேர் வீட்டில் நடக்கிற கதை அது! லீவு நாளில் சித்தாள் வேலைக்கும் கேட்டரிங் வேலைக்கும் போய் ஃபீஸ் கட்டுகிறவர்கள் நம் கிளாஸிலேயே இருக்கிறார்களே. அந்தக் கதையை ஆங்கிலத்தில் ஒரு வரி ஒரு வரியாக வாசித்துப் புரிந்துகொண்டிருந்தால் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும். நாங்கள் செய்தது என்ன? மெல்லக் கற்போர் கையேட்டில் இருந்த பத்தியை, கமா முதற்கொண்டு, பத்து தடவை எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்தோம். இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒரு 'காமன் பேராகிராஃப்' வேறு உண்டு. பெயரை மட்டும் மாற்றினால் மூன்று பாடத்துக்குப் பொருந்தும்!

இதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. கிராமத்துப் பள்ளியில் படித்து, வீட்டில் சொல்லித் தர ஆள் இல்லாத பிள்ளைக்கு அந்தக் கையேடு ஒரு ஏணி. எங்கள் வீட்டில் அப்பா கொத்து வேலை, அம்மா சித்தாள். பன்னிரண்டாவது வரை வந்த முதல் ஆள் நான். அந்த ஏணி இல்லாவிட்டால் இந்த மலரில் எழுத நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். ஆகவே மனப்பாடம் செய்தவர்களை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் பக்கம் நான் இல்லை. ஏணியில் ஏறி மேலே வந்தவன் கையில் ஒரு தாளைக் கொடுத்தால் அவனுக்குப் புரிய வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

ஏனென்றால் தாள் வந்துகொண்டே இருக்கிறது! முதல் தலைமுறைப் பட்டதாரிகள், டிப்ளமோக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு ஆங்கிலத்தில் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். நகைக்கடன் நோட்டீஸ், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்த காகிதம், இன்ஷூரன்ஸ் பாலிசி, வெளிநாடு போகிற மாமாவின் ஒப்பந்தம். "தம்பி பிளஸ் டூ படிச்சிருக்கு, காலேஜ் போவுது, அது பார்த்துச் சொல்லும்" என்பார்கள். நெல் விற்ற காசைப் பற்றிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் நம் முகத்தையே பார்க்கும்போது 'லிஃப்டிங்' உதவாது நண்பர்களே. அங்கே கேள்வித்தாள் கிடையாது. எந்த வரியைத் தூக்குவது?

என் பெரியப்பா மகன் கதையைச் சொல்கிறேன். பிளஸ் டூ ஆங்கிலத்தில் 84 வாங்கியவன். ஐ.டி.ஐ. முடித்து ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தான். பெயர் வேண்டாம். சேரும்போது நான்கு பக்கத்தில் ஒரு படிவம். எங்களுக்கு முன்னால் அதை அண்ணன் சத்தமாக வாசித்தான். உச்சரிப்பு அவ்வளவு சுத்தம், பெரியப்பாவுக்கு ஒரே பெருமை! மாதம் 1500 ரூபாய் சம்பளத்தில் பிடித்து டெபாசிட்டாக வைப்பார்கள் என்பது அவனுக்குப் புரிந்தது. தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வராவிட்டால் அந்த டெபாசிட் போய்விடும், முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தால் மட்டும் விலக்கு என்று இருந்ததே, அது புரியவில்லை. 'எக்செப்ட்' என்று ஆரம்பித்த வாக்கியம். 'ஃபோர்ஃபீட்டட்' என்று முடிந்தது. ஐந்தாவது மாதம் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி. அண்ணன் சூப்பர்வைசருக்குப் போன் செய்து சொல்லிவிட்டு ஊருக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தான். திரும்பிப் போனால் 7500 ரூபாய் இல்லை. கேட்டதற்கு, அவன் கையெழுத்துப் போட்ட பக்கத்தையே எடுத்துக் காட்டினார்களாம்.

புரிந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டானா? போட்டிருப்பான். வேலை வேண்டுமே! ஆனால் போன் செய்ததோடு நிறுத்தாமல் ஒரு வெள்ளைத் தாளில் நாலு வரி லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறியிருப்பான். 7500 ரூபாய்க்கும் அவனுக்கும் நடுவில் நின்றது அந்த நாலு வரிதான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 'பிரதம்' அமைப்பின் 'அசர்' 2023 அறிக்கை, கிராமப்புறத்தில் உள்ள 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. நம் வயசு! 26 மாநிலங்கள், 28 மாவட்டங்கள், 34,745 பேர். அவர்களில் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். அப்படி வாசித்தவர்களிலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர்தான் பொருள் சொன்னார்கள். கணக்குப் போட்டால் 100-க்கு 42 பேர் சுமார். வாசிப்பது வேறு, புரிவது வேறு என்று அவர்கள் பிரித்துச் சோதித்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. நம் பொதுத்தேர்வு அதைப் பிரிப்பதே இல்லை.

அப்படியானால் எப்படித்தான் சோதிப்பது? விமர்சனம் செய்வது சுலபம், வழி சொல் என்பீர்கள். சொல்றேன்.

நம் வொர்க்‌ஷாப் மெஷின்களில் இருக்கிற மாதிரி ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். "டூ நாட் ஸ்டார்ட் த மெஷின் அன்லெஸ் த கார்டு இஸ் க்ளோஸ்டு." பழைய பாணிக் கேள்வி: எதை ஸ்டார்ட் செய்யக் கூடாது? விடை: மெஷினை. ஐந்தாம் வகுப்புப் பையனும் தூக்கி எழுதிவிடுவான். இப்போது இப்படிக் கேளுங்கள்: "ஜாப் மாட்டியாகிவிட்டது. கார்டு திறந்திருக்கிறது. சீக்கிரம் போடு என்று அவசரப்படுத்துகிறார்கள். இந்த அறிவிப்பின்படி நீ ஸ்விட்சைப் போடலாமா? ஏன்?" இதற்கு 'அன்லெஸ்' புரிந்தால்தான் விடை வரும். எந்த வரியையும் தூக்க முடியாது. கேள்வி தயாரிக்கிறவருக்குக் கொஞ்சம் வேலை கூடும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் நம்மைக் கவிழ்ப்பது பெரிய பெரிய சொற்கள் இல்லை. பெரிய சொல்லை டிக்‌ஷனரியில் பார்த்துக்கொள்ளலாம். அன்லெஸ், எக்செப்ட், அன்டில், நாட் லேட்டர் தேன் என்று எறும்பு மாதிரி நடுவில் ஊர்கிற சொற்கள்தான் கடித்துவிடும்.

இன்னொரு பழைய முறையும் உண்டு. 1953-ல் அமெரிக்காவில் வில்சன் டெய்லர் என்பவர் கொண்டுவந்தது. 'க்ளோஸ்' என்று பெயர். ஒரு பத்தியில் இத்தனையாவது சொல் என்று கணக்கு வைத்து வரிசையாகச் சொற்களை எடுத்துவிட்டு, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வது. முன்னும் பின்னும் வாசித்துப் புரிந்தால்தான் நிரப்ப முடியும். புதுப் பத்தியில் வைத்தால் கைடு போட முடியாது!

பத்தி எதைப் பற்றியது என்பதும் முக்கியம். 1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியை 64 மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் சுமார் என்று பெயர் வாங்கியவர்களில் பேஸ்பால் தெரிந்தவர்கள், வாசிப்பில் கெட்டி ஆனால் பேஸ்பால் தெரியாத மாணவர்களை விட நன்றாகப் புரிந்துகொண்டார்களாம்! யோசித்துப் பாருங்கள். ஏர்போர்ட்டில் செக்-இன் செய்வதைப் பற்றிப் பத்தி கொடுத்தால், விமானத்தை வானத்தில் மட்டும் பார்த்தவன் என்ன செய்வான்? அதே பையனிடம் டிராக்டர் பற்றியோ, மோட்டார் காயில் கட்டுவது பற்றியோ கொடுத்தால் பாதியை அவன் அனுபவமே சொல்லிக் கொடுத்துவிடும். அதற்காக எல்லாப் பத்தியும் டிராக்டராக இருந்தால் பட்டணத்துப் பிள்ளை திண்டாடும். ஆகவே ஒரே நீளப் பத்திக்குப் பதில், நாலைந்து சின்னப் பத்திகள், நாலைந்து விதமான விஷயங்கள். ஒரு அறிவிப்பு, ஒரு மருந்துச் சீட்டு, ஒரு மெஷின் மேனுவல் பக்கம், ஒரு செய்தி, ஒரு கதைத் துண்டு. குறைந்தது 25 மதிப்பெண்ணாவது வேண்டும்.

இதோடு நான் சொல்கிற அடுத்த யோசனைக்குத்தான் ஹாஸ்டலில் பெரிய சண்டையே நடந்தது. அந்தப் பத்திகளுக்கு விடையைத் தமிழில் எழுத அனுமதிக்க வேண்டும்!

"ஆங்கிலப் பரீட்சையில் தமிழா? நல்லா இருக்குடா உன் நியாயம்!" என்றான் ரூம்மேட். ஏன் கூடாது? படித்தது புரிந்ததா என்று தெரிந்துகொள்வதுதானே நோக்கம்? மெஷினை ஏன் போடக் கூடாது என்பது ஒருவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதை ஆங்கிலத்தில் வாக்கியமாக்க வரவில்லை. பூஜ்யம். பக்கத்தில் இருப்பவன் ஒன்றும் புரியாமல் வரியைத் தூக்கி எழுதுகிறான். முழு மார்க். இதில் யாருடைய வாசிப்பு சோதிக்கப்பட்டது? ஆங்கிலத்தில் எழுதும் திறனைச் சோதிக்க லெட்டர் இருக்கிறது, பயோடேட்டா இருக்கிறது, கட்டுரை இருக்கிறது. அங்கே தாராளமாகச் சோதியுங்கள். வாசிப்பைச் சோதிக்கும் இடத்தில் வாசிப்பை மட்டும் சோதியுங்கள். தமிழில் எழுதச் சொன்னால் தூக்கி எழுதவே முடியாது என்பது கூடுதல் லாபம். வீட்டில் தெலுங்கோ, உருதுவோ பேசுகிறவர்கள், ஆங்கிலத்திலேயே எழுத விரும்புகிறவர்கள் அப்படியே எழுதட்டும். விருப்பம்தான்.

"எல்லாம் சரி, போனில் போட்டோ எடுத்தால் அதுவே தமிழாக்கித் தருதே, இதெல்லாம் எதுக்கு?" என்றான் இன்னொருத்தன். நல்ல கேள்விதான். நானும் எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் போன் கொடுக்கிற தமிழையும் நான்தான் புரிந்துகொள்ள வேண்டும். அது தப்பா ரைட்டா என்று மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் எனக்குத்தான் தெரிய வேண்டும். போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனிகளில் ஷாப் ஃப்ளோரில் நின்றுகொண்டு என்ன செய்வது?

இவை இரண்டையும் விட கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. புதுப் பத்திகளுக்கு மதிப்பெண் கூட்டினால் முதலில் அடிபடுவது அரசுப் பள்ளிப் பிள்ளைகள்தான், தேர்ச்சி விழுக்காடு குறையும் என்பார்கள். உண்மை. ஒரே ஆண்டில் மாற்றினால் அப்படித்தான் ஆகும். ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு பீரியட் புதுப் பத்தி வாசிக்க வைத்து, அந்தப் பிள்ளைகள் பன்னிரண்டாவது வரும்போது தாளை மாற்றுங்கள். ஏழு வருஷம் ஆகும். ஆகட்டும்! பரீட்சையில் அடிபடாமல் காப்பாற்றிவிட்டு, படிவத்தில் அடிபட விடுவது என்ன கருணை?

அதுவரை நாம் என்ன செய்வது? நமக்கு பிளஸ் டூ முடிந்துவிட்டது. பத்தாவதோடு வந்தவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. இன்பிளான்ட் ட்ரெய்னிங்கும், கேம்பஸ் இன்டர்வியூவும், ஆஃபர் லெட்டரும் வரிசையாக வரப் போகின்றன. ஆகவே பேரவைத் தலைவருக்கு இந்த மலர் மூலமாகவே ஒரு விண்ணப்பம். புதன்கிழமை சாயங்காலம் பேரவை அறை சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது. நாலரை மணிக்கு ஒரு மணி நேரம் திறந்து கொடுங்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் வேண்டாம், டை கட்டின சார் வேண்டாம். ஆளுக்கொரு ஆங்கிலத் தாள் கொண்டு வருவோம். மேனுவல், படிவம், நோட்டீஸ், எதுவானாலும் சரி. ஒருத்தர் வாசிக்க வேண்டும், மற்றவர்கள் அதில் துருவித் துருவிக் கேள்வி கேட்க வேண்டும், விடை தமிழில்.

முதல் வாரத்துக்கு எங்கள் தெரு நகைக்கடன் நோட்டீஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. இரண்டாவது பக்கத்தில் ஒரு 'அன்லெஸ்' உண்டு. எலக்ட்ரிகல் நண்பர்கள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மேனுவல் கொண்டு வந்தால் நன்றாக இருக்கும்.